எரியும் விளக்கு சொல்வதும் எரியாத விளக்கு மறைப்பதும்: பழைய ஸ்போர்ட்ஸ் காரின் டேஷ்போர்டைப் படிப்பது எப்படி?

நெய்யாற்றின்கரை: பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கச் செல்பவர் முதலில் பார்ப்பது அதன் வண்ணத்தை, அடுத்துக் கேட்பது அதன் என்ஜின் ஓசையை. ஆனால் அந்த வாகனத்தைப் பற்றிய முக்கியமான செய்தி, சாவியைத் திருப்பிய பின் வரும் முதல் சில விநாடிகளில் டேஷ்போர்டில் தோன்றி மறைகிறது. எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை, எது அணைய மறுக்கிறது என்பதைக் கவனிக்காமல் பணம் கொடுத்துவிட்டு, பின்னர் ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக அலைபவர்கள் பலர்.

கேரளத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டின் களியக்காவிளையை ஒட்டி அமைந்துள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரங்களில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் பொருள் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வரையப்பட்டபோது விளவங்கோடு ஒரு பக்கமும் நெய்யாற்றின்கரை மறுபக்கமும் பிரிந்தன. உறவும் சந்தையும் அப்படிப் பிரியவில்லை. பாறசாலையின் கேஎல் 19, நெய்யாற்றின்கரையின் கேஎல் 20 என்ற பதிவெண்களைக் கொண்ட வாகனங்களும், மார்த்தாண்டத்தின் டிஎன் 75, நாகர்கோவிலின் டிஎன் 74 வாகனங்களும் ஒரே தெருவில் நிற்பது இங்கு இயல்பான காட்சி. வாகனத்தை ஒரு மாநிலத்தில் வாங்கி, மறு மாநிலத்தில் பழுது பார்ப்பதும் அவ்வாறே. எர்த், ஷார்ட், கிளட்ச் என்ற சொற்கள் மட்டும் எல்லையின் இருபுறமும் ஒரே உச்சரிப்பில் புழங்குகின்றன.

இந்த நிலத்தின் தட்பவெப்பமும் பழைய வாகனத்தின் மின் இணைப்புகளுக்குச் சாதகமானதன்று. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்த சிறிது காலத்தில், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. மேற்கே பொழியூர், பூவார் கடற்கரைகளிலிருந்து உப்புக்காற்று. கிழக்கே வெள்ளறடை நோக்கிச் செல்லச் செல்ல ரப்பர்த் தோட்டங்களின் ஈரநிழலும், வயர்களைக் கடிக்கும் எலி, அணில்களும். வெளிநாட்டிலிருக்கும் உரிமையாளர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து ஓட்டுவதற்காகக் கொட்டகையில் நிறுத்தி வைக்கப்படும் வாகனம் இவை அனைத்தையும் அசையாமல் நின்றபடி எதிர்கொள்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு தாழ்ந்த அமைப்புடையது என்பதால், தேங்கிய மழைநீர் அதன் அடிப்பகுதி இணைப்புகளை எளிதில் எட்டிவிடும்.

இத்தகைய வாகனத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், விளக்கு பெயர் சொல்லும் பாகம் கெட்டுவிட்டது என்று உடனடியாக முடிவு செய்துவிடக் கூடாது. விளக்கு அறிவிப்பது ஒரு மின்சுற்றின் நிலையை மட்டுமே. அந்தச் சுற்றில் பாகம் உண்டு. அதைக் கண்காணிக்கும் சுவிட்ச் அல்லது சென்சார் உண்டு. இரண்டையும் இணைக்கும் வயர், கனெக்டர், எர்த் ஆகியவையும் உண்டு. வயது கூடக் கூட முதலில் தளர்வது பெரும்பாலும் பின்னர்ச் சொன்னவையே. ஆயினும் சிவப்பு விளக்கைப் பொறுத்தவரை, அது பொய் சொல்கிறது என்று நிரூபிக்கப்படும் வரை அது உண்மை சொல்வதாகவே கொள்ள வேண்டும்.

சாவியைத் திருப்பியதும்

என்ஜினை இயக்காமல் சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பினால், ஆயில் அழுத்தம், பேட்டரி, பிரேக், ஏபிஎஸ், ஏர்பேக், செக் என்ஜின் ஆகிய விளக்குகள் எரிய வேண்டும். விளக்குகள் உயிருடன் உள்ளனவா என்பதை வாகனம் தானே சோதித்துக் காட்டும் தருணம் இது. ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் சில விநாடிகளில் தாமாக அணையும். ஆயில், பேட்டரி விளக்குகள் என்ஜின் இயங்கிய பின்னரே அணையும்.

இந்தச் சோதனையில் ஒரு விளக்கு எரியவே இல்லை என்றால், எரிந்துகொண்டே இருப்பதைக் காட்டிலும் அது கவலைக்குரியது. பல்பு பியூஸ் ஆகியிருக்கலாம். வேண்டுமென்றே கழற்றப்பட்டும் இருக்கலாம். பழுதைச் சரிசெய்யச் செலவாகும் என்பதால் பல்பை அகற்றுவது, மீட்டரின் பின்புறம் கறுப்பு நாடா ஒட்டுவது, வயரைத் துண்டிப்பது ஆகியவை பழைய வாகனச் சந்தையில் நெடுங்காலமாக அறியப்பட்ட தந்திரங்கள். இவற்றைவிட நுட்பமானது, ஏர்பேக் அல்லது ஏபிஎஸ் விளக்கின் வயரை ஆயில் விளக்கோடு சேர்த்துக் கட்டிவிடுவது. சாவியைத் திருப்பினால் இரண்டும் எரியும். என்ஜின் இயங்கியதும் இரண்டும் அணையும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். இதைக் கண்டுபிடிக்க வழி எளிது. சாவியை 'ஆன்' நிலையிலேயே அரை நிமிடம் விட்டுவிட வேண்டும். ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் என்ஜினுக்காகக் காத்திராமல் அணைந்தாக வேண்டும். ஆயில் விளக்கோடு ஒரே நொடியில்தான் அணைகின்றன என்றால் மீட்டரைக் கழற்றிப் பார்க்கக் கேட்பதே முறை.

விளக்குகளின் குறியீடுகள் நாட்டுக்கு நாடு பெரிதும் வேறுபடுவதில்லை. ஐஎஸ்ஓ 2575 என்ற சர்வதேசத் தரம் அவற்றை வரையறுக்கிறது. சிவப்பு என்றால் அபாயம், நிறுத்துக. மஞ்சள் என்றால் கவனித்துச் சரிசெய்க. பச்சையும் நீலமும் தகவல் மட்டுமே. எனினும் 1960களின் வாகனங்களை இந்த அளவுகோலால் மட்டும் மதிப்பிடக் கூடாது. அக்காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் சிலவற்றில் ஆயில் விளக்கே பச்சை நிறத்தில் எரியும்.

முதலில் பேட்டரி, பிறகு எர்த்

ஒரே நேரத்தில் மூன்று, நான்கு விளக்குகள் எரிந்தால் மூன்று, நான்கு பாகங்கள் ஒரே நாளில் கெட்டுவிட்டன என்று பொருளில்லை. பெரும்பாலும் மின்னழுத்தம் குறைந்துவிட்டது என்பதே பொருள். நீண்ட நாள் நிறுத்தப்பட்ட வாகனத்தில் பேட்டரி சோர்ந்திருக்கும். ஸ்டார்ட்டர் சுழலும்போது மின்னழுத்தம் சரிந்தால் ஏபிஎஸ், ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அதைப் பழுதாகப் பதிவு செய்துகொண்டு விளக்கை ஏற்றிவிடும்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் இங்கு போதுமானது. வாகனம் சில மணி நேரம் ஓய்ந்து நின்ற பின் பேட்டரியில் சுமார் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் தருணத்தில் அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக் கூடாது. என்ஜின் இயங்கும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். 15க்கு மேல் சென்றால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அதை அப்படியே விட்டால் பல்புகளும் மின்னணுப் பெட்டிகளும் பாதிக்கப்படும்.

பேட்டரி நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம் எர்த். காரில் மின்சாரம் பேட்டரியின் நேர்முனையிலிருந்து வயர் வழியாகச் சென்று, பாடியின் இரும்பு வழியாக எதிர்முனைக்குத் திரும்புகிறது. அந்தத் திரும்பும் பாதையில் ஒரு போல்ட்டின் கீழ் துரு படிந்தாலும், மின்சாரம் வேறு பாதை தேடும். ஒரு விளக்கை ஏற்ற வேண்டிய மின்சாரம் மற்றொரு விளக்கின் வழியே திரும்பும். இண்டிகேட்டர் போட்டால் வேறொரு எச்சரிக்கை விளக்கு மங்கலாகக் கண் சிமிட்டுவது, பிரேக்கை மிதித்தால் பெட்ரோல் முள் அசைவது போன்ற விசித்திரங்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. இந்த வட்டாரத்தின் உப்புக்காற்றும் இரட்டை மழைக்காலமும் எர்த் போல்ட்டுகளுக்குச் செய்யும் தீங்கை, வண்டியின் பளபளப்பான மேற்பூச்சைப் பார்த்து ஊகிக்க இயலாது.

எர்த்தைக் கண்ணால் பார்த்தோ, இழுத்துப் பார்த்தோ தீர்மானிக்கக் கூடாது. ஓம் அளவில் சோதிப்பதும் ஏமாற்றும். வயரின் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் அதை நல்ல இணைப்பாகக் காட்டும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அளப்பதே சரியான முறை. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் எதிர்முனைத் தலையிலும், சிவப்பு முனையை என்ஜினின் சுத்தமான உலோகப் பகுதியிலும் வைக்க வேண்டும். ஹெட்லைட்டும் ஃபேனும் இயங்கும்போது மீட்டர் 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஸ்டார்ட்டர் சுழலும்போது 0.3 வரை பொறுத்துக்கொள்ளலாம். அரை வோல்ட்டைத் தாண்டினால் என்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டையைக் கழற்றி, இரு பக்கத்து உலோகத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, வாஸலின் தடவி இறுக்க வேண்டும். பிறகு பாடிக்கும் டேஷ்போர்டு எர்த்துக்கும் இதே சோதனை.

ஃபைபர் கிளாஸ் பாடி கொண்ட ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்தச் சிக்கல் மற்றொரு வடிவம் எடுக்கிறது. பிரிட்டனின் லோட்டஸ் கார்கள் இதற்குப் பெயர் பெற்றவை. இந்தியாவில், கோவாவைச் சேர்ந்த சான் மோட்டார்ஸ் தயாரித்த, ரெனோ நிறுவனத்தின் 1,149 சிசி என்ஜின் பொருத்தப்பட்ட சான் ஸ்டார்ம் என்ற இரு கதவு காரும் இவ்வகையைச் சேர்ந்தது. ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே ஒவ்வொரு விளக்குக்கும் எர்த் வயர் தனியே இழுக்கப்பட்டிருக்கும். பாடியில் ஒரு திருகைப் போட்டு எர்த் எடுத்துக்கொள்ளும் வழக்கமான முறை இங்கு பயன்படாது. இதை அறியாமல் இரும்புக் காரைப் பழுது பார்ப்பது போல் கைவைத்தால் பழுது கூடுமே தவிரக் குறையாது.

எலி கடித்த வயரையும் இந்தக் கட்டத்திலேயே தேட வேண்டும். என்ஜின் மூடியின் அடியிலும் பேட்டரித் தட்டின் கீழும் தேங்காய் நார், உலர்ந்த இலை, எச்சம் ஆகியவை தென்பட்டால், வயர்க் கட்டின் மேலுறையைத் திறந்து பார்க்காமல் எந்த சென்சாரையும் புதிதாக வாங்கக் கூடாது.

சார்ஜிங் விளக்கு: பல்பே ஒரு பாகம்

பேட்டரி வடிவில் எரியும் சிவப்பு விளக்கு, பேட்டரி கெட்டுவிட்டது என்று சொல்வதாகப் பலர் கருதுகின்றனர். உண்மையில் அது சார்ஜ் ஏறவில்லை என்பதையே சொல்கிறது. பழைய ஆல்டர்னேட்டர்களில் இந்த விளக்கின் ஒரு முனை பேட்டரியோடும், மறுமுனை ஆல்டர்னேட்டரோடும் இணைந்திருக்கும். ஆல்டர்னேட்டர் மின்சாரம் தராதபோது இரு முனைகளுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு ஏற்பட்டு விளக்கு எரியும். தரத் தொடங்கியதும் இரு முனைகளும் சமமாகி விளக்கு அணையும்.

இதில் பெரும்பாலோர் அறியாத செய்தி ஒன்று உள்ளது. அத்தகைய ஆல்டர்னேட்டர் முதன்முதலில் விழித்தெழத் தேவையான சிறு மின்சாரம், அந்த பல்பின் வழியாகவே செல்கிறது. பல்பு பியூஸ் ஆனால் எச்சரிக்கை இல்லாமல் போவதோடு சார்ஜும் ஏறாமல் போகலாம். அழகுக்காக மீட்டர் பல்புகள் அனைத்தையும் எல்இடியாக மாற்றியவர்கள், அடுத்த வாரம் ஆல்டர்னேட்டர் கெட்டதாகக் கருதி அதை மாற்றுவதும், புதிய ஆல்டர்னேட்டரும் சார்ஜ் ஏற்றாததைக் கண்டு திகைப்பதும் இதனால்தான். எல்இடி எடுத்துக்கொள்ளும் மின்சாரம் மிகக் குறைவு. சார்ஜிங் விளக்குக்கு மட்டும் பழைய இழை பல்பையே, உரிய வாட்டில் பொருத்த வேண்டும். அல்லது எல்இடிக்கு இணையாகப் பொருத்தமான ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் பழக்கமான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த இந்தக் கார், தோற்றத்தில் குடும்பக் கார்தான். ஆனால் 1962இல் பிரிட்டனில் அறிமுகமான டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சேஸிஸ் வடிவமைப்பைத் தழுவி உருவானது. ஹெரால்டின் மின்னமைப்பைப் பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு ஸ்பிட்ஃபயரின் மின்னமைப்பு அந்நியமாகத் தோன்றாது. ஆல்டர்னேட்டருக்கு முந்தைய டைனமோ காலத்து வாகனங்களில், என்ஜின் ஐடிலில் நிற்கும்போது சிவப்பு விளக்கு மெல்லத் துடிப்பது பழுதன்று. வேகம் சற்றுக் கூடியதும் அது அணைந்தால் போதும். வேகம் கூடிய பின்னும் மங்கலாக எரிந்தால், கார்பன் பிரஷ் தேய்வையும் கன்ட்ரோல் பாக்ஸின் பாயின்ட்டுகளையும் பார்க்க வேண்டும்.

பிரிட்டிஷ் கார்களின் மின்சாதனங்களைத் தயாரித்த லூகாஸ் நிறுவனத்தை 'இருளின் இளவரசன்' என்று கிண்டல் செய்யும் வழக்கம் அந்நாட்டுக் கார் ஆர்வலர்களிடையே உண்டு. சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் உருவாக்கிய டைனமோக்களும் ஸ்டார்ட்டர்களும் அந்தக் கிண்டலைப் பொருட்படுத்தாமல் இந்தியச் சாலைகளில் பல்லாண்டு உழைத்தன. ஈரப்பதத்தில் தளரும் இணைப்புகளின் பழி பல சமயம் சாதனத்தின் மீது விழுந்துவிடுகிறது என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

ஆயில் விளக்கு எரிந்தால்

ஆயில் விளக்கு ஓடும்போது எரிந்தால் செய்ய வேண்டியது ஒன்றே. ஓரமாக நிறுத்தி, என்ஜினை உடனே அணைக்க வேண்டும். அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்ற கணக்கு, பேரிங்குகள் உருகி என்ஜின் இறுகுவதில் முடியும். இது ஆயில் அளவை மட்டும் காட்டும் விளக்கன்று, அழுத்தத்தைக் காட்டுவது. ஆயில் நிறைய இருந்தும் பம்ப் தேய்ந்திருந்தால் அழுத்தம் இராது.

வாகனம் நின்ற பின் டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு பார்க்கப்பட வேண்டும். அது சரியாக இருந்தால் சுவிட்சைச் சோதிக்கலாம். பெரும்பாலான பழைய என்ஜின்களில் ஒற்றை வயர் கொண்ட ஆயில் சுவிட்ச் இருக்கும்; அழுத்தம் இல்லாதபோது அது வயரை எர்த்தோடு இணைத்து விளக்கை ஏற்றும்; 0.3 முதல் 0.5 பார் அளவு அழுத்தம் வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும். என்ஜின் அணைந்திருக்க, சாவியை 'ஆன்' செய்து, சுவிட்சிலிருந்து வயரைக் கழற்றினால் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் வயர் வழியில் எங்கோ உரசி பாடியைத் தொடுகிறது. கழற்றிய வயரை உலோகத்தில் தொட்டால் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் வயர் அறுந்துள்ளது அல்லது பல்பு போய்விட்டது. இந்த இரு சோதனைகளும் சரியாக அமைந்தால் வயரிங் நிரபராதி. மிஞ்சுவது சுவிட்ச் அல்லது உண்மையான அழுத்தக் குறைவு. இரண்டில் எது என்பதை, சுவிட்சைக் கழற்றி அந்தத் துளையில் மெக்கானிக்கல் அழுத்தமானியைப் பொருத்தி, என்ஜின் நன்கு சூடான பின் ஐடிலில் அளந்தால் மட்டுமே சொல்ல முடியும். சுவிட்சை மாற்றிப் பார்ப்போம் என்று வண்டியை மீண்டும் ஓட்டுவது என்ஜினைப் பணயம் வைப்பதாகும்.

டேஷ்போர்டில் ஆயில் முள் இருக்கிறதே என்று நிம்மதி கொள்வதற்கும் இடமில்லை. உலகில் மிக அதிகமாக விற்பனையான இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரான மஸ்டா எம்எக்ஸ்-5இன் முதல் தலைமுறையில், தொடக்க ஆண்டுகளில் வந்த ஆயில் முள் உண்மையான அழுத்தத்தைக் காட்டியது. 1990களின் நடுப்பகுதியில் அது மாற்றப்பட்டது. முள் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அழுத்தம் உண்டு, இல்லை என்ற இரு நிலைகளை மட்டுமே காட்டத் தொடங்கியது. நடுவில் அசையாமல் நிற்கும் முள்ளைக் கண்டு என்ஜின் ஆரோக்கியமாக உள்ளது என்று முடிவு செய்தவர்கள் ஏமாந்தனர்.

மறுபுறம், 1960களின் பிரிட்டிஷ் கார்களில் பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒரே நேரத்தில் தவறாகக் காட்டினால் இரண்டு சென்சார்களையும் வாங்க வேண்டியதில்லை. அவ்விரு மானிகளுக்கும் சராசரியாக 10 வோல்ட் வழங்கும் சிறிய ஸ்டெபிலைசர் ஒன்று மீட்டரின் பின்னால் உள்ளது. அதுவோ அதன் எர்த்தோ தளர்ந்தால் இரு முட்களும் சேர்ந்தே மேலேறும். என்ஜின் சூடாகிறது என்று அஞ்சி ரேடியேட்டரை மாற்றிய பிறகு, பெட்ரோல் முள்ளும் தவறாகக் காட்டுவதைக் கவனித்தவர்கள் உண்டு.

பிரேக், ஏபிஎஸ், ஏர்பேக்

சிவப்பு பிரேக் விளக்கு இரண்டு அல்லது மூன்று காரணங்களைப் பகிர்ந்துகொள்கிறது. ஹேண்ட்பிரேக் முழுமையாக இறங்காதது, பிரேக் ஆயில் குறைந்தது, சில வாகனங்களில் பேட் தேய்ந்தது. ஹேண்ட்பிரேக் சுவிட்சின் வயரையும், ஆயில் தொட்டி மூடியின் கனெக்டரையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் எது விளக்கை ஏற்றுகிறது என்று தெரிந்துவிடும். திருப்பங்களில் மட்டும் விளக்கு மின்னினால், தொட்டியில் ஆயில் விளிம்பு நிலையில் உள்ளது என்று பொருள். அதில் ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடுவது தவறு. பிரேக் ஆயில் ஆவியாகிக் குறைவதில்லை. பேட் தேய்ந்திருக்க வேண்டும் அல்லது எங்கோ கசிய வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது என்பதால், மழை மிகுந்த இப்பகுதியில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை முழுமையாக மாற்றுவது நல்லது.

மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் இயங்கும். சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் வசதி மட்டும் இராது. ஏபிஎஸ் மஞ்சளும் பிரேக் சிவப்பும் சேர்ந்து எரிந்தால் ஓட்டாமல் இருப்பதே பாதுகாப்பு. நின்ற இடத்தில் அணைந்திருந்து, வண்டி சிறிது வேகம் பிடித்ததும் ஏபிஎஸ் விளக்கு எரிகிறது என்றால், சக்கர வேக சென்சாரையே முதலில் பார்க்க வேண்டும். சக்கரத்தோடு சுழலும் பல்வளையத்தின் அடியில் துரு ஊறி வளையம் விரிசல் விடுவது, சென்சார் முனையில் இரும்புத்தூள் ஒட்டுவது, வயர் உரசி அறுவது ஆகியவை பழைய வாகனங்களில் வழக்கமாகக் காணப்படுபவை. விலையுயர்ந்த ஏபிஎஸ் பெட்டியை மாற்றும் ஆலோசனை வந்தால், நான்கு சக்கர சென்சார்களின் அளவீடுகளையும் ஸ்கேனரில் ஓட்டத்திலேயே காட்டும்படி கேட்பது உரிமையாளரின் உரிமை.

ஏர்பேக் விளக்கில் வீட்டு மல்டிமீட்டருக்கு இடமில்லை. அந்த வயர்களில் அளவு பார்க்கும் சிறு மின்சாரமே பையை வெடிக்கச் செய்யக்கூடும். இருக்கையின் அடியிலுள்ள மஞ்சள் நிற கனெக்டர் தளர்வதும், ஸ்டீயரிங்கின் உள்ளே சுருண்டிருக்கும் நாடா வயர் அறுவதும் பெரும்பாலான பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் காரணமாக அமைகின்றன. பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்த பின்னரே அவற்றைத் தொட வேண்டும்; அதுவும் பயிற்சி பெற்றவர் மட்டுமே.

செக் என்ஜின்: குறியீடு தீர்ப்பன்று

மஞ்சள் நிற என்ஜின் வடிவ விளக்கு, புகையைக் கட்டுப்படுத்தும் அமைப்போடு பிறந்தது. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் அனைத்துக் கார்களுக்கும் ஓபிடி-2 என்ற பொதுவான கண்காணிப்பு முறையும், 16 முனை கொண்ட கனெக்டரும் கட்டாயமாயின. இந்தியாவில் பிஎஸ்-4 விதிகளோடு 2010 ஏப்ரலில் ஓபிடி-1 வந்தது. 2013 ஏப்ரலில் ஓபிடி-2 வந்தது. எனவே 2000களின் தொடக்கத்து வாகனத்தில் 16 முனை கனெக்டர் இருந்தாலும் எல்லாக் குறியீடுகளும் எல்லா ஸ்கேனர்களிலும் வாசிக்கக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

விளக்கு நிலையாக எரிந்தால் வாகனத்தை மிதமாக ஓட்டி ஒர்க்‌ஷாப் செல்லலாம். விட்டுவிட்டு மின்னினால் நிலைமை வேறு. ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் சைலன்சர் பாதைக்குச் செல்கிறது. அது அங்குள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கி அழித்துவிடும். உடனே வேகத்தைக் குறைத்து நிறுத்த வேண்டும்.

குறியீடு எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. எந்த அளவீடு எல்லை தாண்டியது என்று மட்டுமே சொல்கிறது. பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம் என்று பொருள். பழைய வாகனத்தில் இதற்குப் பெரும்பாலும் காரணம், வெப்பத்தில் காய்ந்து வெடித்த ரப்பர்க் குழாய். பி0420 என்றால் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைவு. ஆனால் அதற்கு முன்னுள்ள சைலன்சர் இணைப்பில் துருப்பிடித்த ஓட்டை இருந்தாலும் அதே குறியீடு வரும். பின்புற ஆக்சிஜன் சென்சார் சோர்ந்திருந்தாலும் வரும். குறியீட்டை வாசித்ததும் பல ஆயிரம் ரூபாய் பாகத்தை எழுதிக் கொடுப்பவர், சோதனையின் முதல் படியிலேயே நின்றுவிட்டார் என்று பொருள்.

புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இருக்கிறதே என்ற வாதமும் முழுமையானதன்று. பிஎஸ்-4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 விழுக்காடு, ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் என்பன வரம்புகள். சோதனைக் கருவி சைலன்சரில் வரும் வாயுவை அளக்கிறது. டேஷ்போர்டு விளக்கை அது பார்ப்பதில்லை.

விற்பனைக்கு முந்தைய இரவு ஸ்கேனரால் குறியீடுகளை அழித்து விளக்கை அணைப்பது எளிது. ஆனால் அழித்த தடயம் தங்கிவிடும். ஓபிடி-2 வாகனம் தன் உள்சோதனைகளை முடித்துவிட்டதா என்பதை 'ரெடினெஸ்' என்ற பட்டியலில் காட்டும். குறியீடு அழிக்கப்பட்டால் அந்தப் பட்டியல் 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பும். பல நாள் பல விதமாக ஓட்டிய பின்னரே நிறையும். விற்பவர் தினமும் ஓட்டுவதாகச் சொல்லும் காரில் அந்தப் பட்டியல் வெறுமையாக இருந்தால், ஒன்று பேட்டரி அண்மையில் கழற்றப்பட்டிருக்க வேண்டும் அல்லது விளக்கு அண்மையில் அணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முன்

பழுதின் செலவு ஒர்க்‌ஷாப்போடு முடிவதில்லை. காரின் பதிவு 15 ஆண்டு முடிந்ததும் வாகனத்தைப் பரிசோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. இந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தை மத்திய அரசு 2021இல் வெளியிட்ட அறிவிக்கை காருக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், இறக்குமதி செய்யப்பட்ட காருக்கு 40,000 ரூபாயாகவும் உயர்த்தியது. 2025 ஆகஸ்ட் அறிவிக்கையின்படி 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கு இத்தொகைகள் இரட்டிப்பாயின. 50 ஆண்டைக் கடந்து, மூல வடிவம் மாறாத ஹெரால்டு போன்றவற்றுக்கு விண்டேஜ் பதிவு என்ற தனிவழி 2021 ஜூலை முதல் உண்டு. ஆனால் அவற்றை அன்றாடப் பயணத்துக்குப் பயன்படுத்த முடியாது.

எல்லை தாண்டி வாங்குவோருக்கு மேலும் ஒரு கணக்கு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வாகனம் மற்றொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைக்கப்பட்டால் அங்கு புதிய பதிவெண் பெற வேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை. மார்த்தாண்டத்தில் வாங்கிய கார் பாறசாலைக்கு வந்து ஓராண்டைக் கடப்பதற்குள் இந்தச் செலவும், மறுபதிவுக்கான வரியும் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஆகவே சோதனையை விற்பவரின் வாசலிலேயே, என்ஜின் குளிர்ந்திருக்கும் காலையில் செய்வது நல்லது. முன்கூட்டியே சூடாக்கி வைக்கப்பட்ட என்ஜின் பல குறைகளை மறைக்கும். சாவியை அரை நிமிடம் 'ஆன்' நிலையில் விட்டு விளக்குகளை எண்ணி, கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். பிறகு ஸ்டார்ட் செய்து, நன்கு சூடாகும் வரை ஐடிலில் விட்டு, ஆயில் விளக்கு மீண்டும் மினுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஹெட்லைட், வைப்பர், ஃபேன் அனைத்தையும் ஒருசேர இயக்கிப் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைக்க வேண்டும். மெதுவான வேகத்தில் சில நூறு மீட்டர் ஓட்டி ஏபிஎஸ் விளக்கைக் கவனிக்க வேண்டும். முடிந்தால் மழை பெய்த மறுநாள் காலையில் மீண்டும் ஒருமுறை வந்து, இதே வரிசையில் விளக்குகளை எண்ணி, முதல் நாள் எடுத்த படத்தோடு ஒப்பிட வேண்டும்.